பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்

சிங்கப்பூர், அரபுத் தெரு
1907 மார்ச் 18

தங்கச்சி கதீஜாவுக்கு நானா நாகூர் கனி ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. தொழும்போது வருகிற வலி கடையில் உட்காரும்போது எங்கே போகிறது என்று நீ கேட்பாய். கேட்காதே. நீயும் மகள் ரஷீதாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க நாளும் துஆச் செய்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள், எழுதுங்கள் என்று போன கடிதத்தில் என் உயிரை வாங்கியிருந்தாய். எழுதுகிறேன்.

என் மகன் நூர்தீன் இருந்தவரை அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மலாய்க்காரப் பெண்ணைக் கட்டினானே என்ற கோபம். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் அவன் மௌத்தான அன்றுதான் முதன்முதலாக உள்ளே போனேன். அவன் மகள் ஜரீனா எனக்குப் பாய் விரித்தாள். எட்டு வயது இருக்கும். நான் யார் என்று யாரும் சொல்லாமலே "தோக்" என்றாள். மலாயில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் கோபமெல்லாம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை, போ.

இப்போது அஸர் தொழுததும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கேலாங் வரைக்கும் மின்சார டிராம். அங்கிருந்து மாட்டு வண்டியில் தஞ்சோங் காத்தோங் கடற்கரை. சின்னவன் அஸ்மத்துக்கு நாலு வயது. டிராமில் மணி அடித்தால் அவனும் கூடவே கத்துவான், வண்டியில் இருக்கிற சீனர்களெல்லாம் சிரிப்பார்கள். ஜரீனா சிப்பி பொறுக்குவாள். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்பேன். அந்த நேரத்தில் முழங்கால் வலிப்பதில்லை, அதையும் கேட்காதே.

ஸபர் மாதக் கடைசிப் புதன் நெருங்குகிறது. நம் ஊரில் ஒடுக்கத்துப் புதன் என்று முழுகிவிட்டுக் கடற்கரைக்குப் போவோமே, அதை இங்கே மலாய்க்காரர்கள் பெருநாள் மாதிரியே கொண்டாடுகிறார்கள். குடும்பம் குடும்பமாகக் கடலில் இறங்கி அந்த மாதத்துப் பீடையைக் கழுவிவிட்டு, இருட்டும்வரை சாப்பாடும் பாட்டும்தான். பிள்ளைகள் இப்போதே குதிக்கின்றன.

இப்ராஹீம் மரைக்காயர் அடுத்த கப்பலில் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். அவர் மகனுக்கு நம் ரஷீதாவைப் பேசிக்கொண்டிருக்கும் நேரம். ஒரு குறையும் வைக்காமல் கவனித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். நூர்தீன் கல்யாணம் ஆகாமலே போய்விட்டான் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் அதுதான் பேச்சு. அது அப்படியே இருக்கட்டும். இந்தப் பிள்ளைகள் விஷயம் உன்னோடு நிற்கட்டும்.

உன் நானா
நாகூர் கனி


நாகூர்
1907 ஏப்ரல் 2

நானாவுக்கு ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. சாயங்காலம் கடல்காற்று வரும்வரை வீட்டுக்குள் வெந்துகொண்டு கிடக்கிறோம்.

வழக்கம் போல அரபுத் தமிழில் நானே எழுதுகிறேன். நம் தமிழை அரபு எழுத்தில் எழுத உம்மா கற்றுக்கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. ஆள் வைத்து எழுதினால் நீங்கள் மூடச் சொன்னது அஸருக்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

ஆனால் நானா, மூடியது எனக்குப் பிடிக்கவில்லை. நூர்தீனைப் பெற்றுப் போட்டுவிட்டு அவன் உம்மா மௌத்தானபோது, என் மகனோடு சேர்த்து அவனுக்கும் பால் கொடுத்தவள் நான். மார்க்கப்படி அவன் எனக்கும் பிள்ளை. அப்படியானால் அந்த இரண்டும் எனக்கும் பேரப்பிள்ளைகள். உங்களுக்கு மட்டும் கிடைத்த புதையல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மூத்தவர் சொன்னீர்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு மூடுவேன் என்று எனக்கே தெரியாது, என் வாய் உங்களுக்குத் தெரியும்.

ஜரீனா யார் சாடை? நூர்தீன் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழுமே, அது யாருக்காவது வந்திருக்கிறதா? என்ன சாப்பிடுகிறார்கள்? அவர்கள் உம்மா சல்மா உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாளா?

ஒடுக்கத்துப் புதனுக்கு ஜரீனாவை எனக்காக ஒரு முழுக்குப் போடச் சொல்லுங்கள். கடிதம் அதற்குள் வந்து சேராது. பரவாயில்லை, பிறகு போடட்டும், கடல் எங்கே ஓடிவிடப் போகிறது. அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள். தந்தி அடிக்கிற மாதிரி எழுதினால் கிழித்துப் போடுவேன்.

கதீஜா


சிங்கப்பூர்
1907 ஏப்ரல் 17

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். எல்லாரும் சுகம். உன் கடிதம் முந்தாநாள் வந்தது.

ஒடுக்கத்துப் புதனைப் பற்றிக் கேட்டிருந்தாய். தஞ்சோங் காத்தோங் போகிற பாதை முழுக்க வண்டிகள். பட்டு உடுத்திய பெண்கள், தலையில் சாப்பாட்டுக் கூடைகள். கடற்கரையில் பாய் போட இடமில்லை. நம் ஊர்த் தாயிரா மாதிரியே ஒரு மேளம், அதைத் தட்டிக்கொண்டு பையன்கள் வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். குங்குமப்பூ கரைத்த மையால் மாவிலையில் குர்ஆன் ஆயத்து எழுதி, தண்ணீரில் அலம்பி, பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். அஸ்மத் முழுவதும் குடித்துவிட்டு "இனிக்கவே இல்லை" என்று அழுதான். சல்மா தென்னங்குருத்தைப் பின்னி அதற்குள் அரிசி வைத்து அவித்த கெத்துப்பாட் கொண்டுவந்திருந்தாள். நீ கேட்டாயே, அந்தக் கன்னக்குழி ஜரீனாவுக்கு. இடது பக்கம்.

இரண்டும் அலையில் விழுந்து புரண்டன. வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் செம்பு நிறமாயிற்று. நூர்தீன் இருந்தபோதே இப்படி வந்திருக்கலாமே என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல மாலை.

அப்புறம் இப்ராஹீம் மரைக்காயர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். அப்புறம் வீட்டுக்கு வந்தோம்.

ஜரீனாவுக்குச் சளி. அதனால் அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போகவில்லை. உன் முழுக்கு நிற்கிறது. உன் கடிதத்தை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள். மலாயையும் இங்கே அரபு எழுத்தில்தான் எழுதுகிறார்கள், ஓதப் போகும் இடத்தில் கற்றிருக்கிறாள். தமிழும் அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. நூர்தீன் அவளோடு தமிழில்தான் பேசுவானாம். இத்தனை நாளும் நான் அவளிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் போயிற்று.

நாகூர் கனி


நாகூர்
1907 மே 10

என் நானாவுக்கு ஸலாம். சுகம்தானே? இங்கே மாம்பழம் வந்துவிட்டது. ரஷீதா தின்று தின்று கட்டி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தக் கன்னக்குழியை நான் படித்துப் படித்துக் காகிதமே நைந்துவிட்டது. அல்லாஹ், என் பிள்ளையை எடுத்துக்கொண்டு குழியை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். அழுதேன், பிறகு அஸ்மத் மை குடித்ததை நினைத்துச் சிரித்தேன்.

ஆனால் கடிதம் முடியும் இடத்தில் யாரோ உங்கள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறதே. மரைக்காயர் வந்தாரென்றால் பிள்ளைகளைப் பார்த்திருப்பாரே? யார் என்று கேட்டிருப்பாரே? என்ன சொன்னீர்கள்? சளி இன்னுமா இருக்கிறது? தூதுவளை போட்டு ரசம் வைக்கச் சொல்லுங்கள், அங்கே கிடைக்காவிட்டால் மிளகு போதும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
கதீஜா


சிங்கப்பூர்
1907 ஜூன் 4

தங்கச்சிக்கு ஸலாம். சுகம். மழையால் கடையில் ஆள் வரத்துக் குறைவு. பலேக்காட்டுக் கைலி புதிதாக வந்திருக்கிறது, சாயம் சுமார். மரைக்காயர் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்புகிறார். ரஷீதா விஷயத்தில் நல்ல மனதோடுதான் பேசுகிறார். உனக்கு அதுதானே வேண்டும்.

பிள்ளைகள் சுகம். ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்காதே.

நாகூர் கனி


நாகூர்
1907 ஜூலை 3

நாகூர் கனி அவர்களுக்கு,

நேற்று மரைக்காயரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் சொன்னது இது: "உங்க நானாவுக்கு ரொம்ப நல்ல மனசும்மா. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைங்க ரெண்டு, கடற்கரையில அவர் மடியை விட்டு இறங்க மாட்டேங்குதுங்க. ஒத்தை மகனும் போயிட்டான் பாருங்க, ஊரான் பிள்ளைங்க மேல அவ்வளவு பாசம்."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரஷீதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உங்களுக்காக நான்தான் வெட்கப்பட்டு நின்றேன். அந்த இடத்தில் நீங்கள் இல்லை.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்று நீங்களே எழுதினீர்கள். அவள் பக்கத்தில் இருந்தாளா? அதை மட்டும் எழுதுங்கள். கைலிச் சாயம் எப்படி இருந்தால் எனக்கென்ன.

கதீஜா


சிங்கப்பூர்
1907 ஜூலை 26

கதீஜா, உனக்கு ஸலாம். நீ சொல்லாமல் விட்டாலும் நான் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் உள்ளே இருப்பது தெரியாமல் வழக்கம் போல ஜரீனாவிடம் கொடுத்து, "படி பார்க்கலாம்" என்றேன். உன் கடிதத்தின் முதல் வரிகளை அவள் கூட்டிப் படிப்பதும் நான் தலையாட்டுவதும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸலாம் இல்லையே, துவான்" என்றாள். பிறகு படித்தாள். நான் பிடுங்குவதற்குள் அந்த மூன்று வார்த்தைக்கு வந்துவிட்டாள். அதைத் தடுமாறாமல் படித்தாள்.

துவான் என்றால் உனக்குத் தெரியாது. முதலாளி, ஐயா, எஜமான், எல்லாம்தான். ஒடுக்கத்துப் புதனிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், பக்கத்தில்தான் இருந்தாள்.

மரைக்காயரோடு நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்து என் பாயில் உட்கார்ந்தார்கள். பேச்சு நூர்தீனைப் பற்றித்தான். கல்யாணம் காட்சி பார்க்காமலே போய்விட்டானே என்று ஒருவர் உச்சுக்கொட்டினார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஜரீனா ஈரத் துணியோடு "தோக்! தோக்!" என்று ஓடிவந்தாள். கையில் பெரிய சிப்பி. மூச்சு வாங்க என் முன்னால் நின்று அதை நீட்டினாள். "யாரு நானா இந்தப் பிள்ளைங்க?" என்று மரைக்காயர் கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. பழகிருச்சுங்க," என்றேன். அதோடு விட்டேனா? "இங்கே கிழவன் யாரைப் பார்த்தாலும் தோக்னுதான் கூப்பிடுவாங்க லா," என்று சிரித்தேன். யாரும் கேட்காமல் சொன்னது அது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு என் மடியில் ஏறிக்கொண்டிருந்த அஸ்மத்தைப் பிடித்து இறக்கினாள். "வா. துவானைத் தொந்தரவு பண்ணாதே," என்று மலாயில் சொன்னாள். கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் எதையும் கவனிக்கவில்லை. சல்மா தென்னை மரத்தடியில் கெத்துப்பாட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். தட்டை எங்கள் பாய்க்குக் கொண்டுவர எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ரஷீதாவை நினைத்துத்தான் சொன்னேன், கதீஜா. மலாய்க்காரப் பெண்ணோடு குடித்தனம் நடத்தியவன் குடும்பம், அதை மறைத்த குடும்பம் என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்குமா? அந்த ஒரு நொடியில் அதுதான் தோன்றியது.

அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதில்லை. அப்படிச் செய்தாலாவது பரவாயில்லை. நான் போனால் பாய் விரிக்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், தள்ளி உட்காருகிறாள். தோக் என்று கூப்பிடு அம்மா என்று கெஞ்சினேன். "வீட்டுக்குள்ளே தோக், வெளியே துவான்னு வெச்சுக்கலாமா? மாறிப்போயிட்டா உங்களுக்குத்தானே வெட்கம்?" என்று கேட்கிறாள். உண்மையாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்கிறாள்.

வெட்கம் கெட்ட
உன் நானா


நாகூர்
1907 ஆகஸ்ட் 20

நானாவுக்கு ஸலாம். போன தடவை சொல்லாதது தப்பு, உங்கள் மேல் கோபம் என்றாலும் ஸலாமை நிறுத்தியிருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தை ரஷீதாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் பேரைச் சொல்லியா மாமா அந்தப் பிள்ளையைக் கையை மடக்க வெச்சாங்க?" என்று கேட்டாள். பிறகு, "அப்படிக் கிடைக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம்மா," என்றாள். ஆகவே அந்தச் சாக்கை இனிமேல் சொல்லாதீர்கள். அவளும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மரைக்காயரை வரச் சொன்னேன். திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நூர்தீன் கல்யாணம் பண்ணினான், பிள்ளைகள் இரண்டு, நீங்கள் பார்த்தது அவர்களைத்தான், அவனுக்குப் பால் கொடுத்தவள் நான், அவர்கள் என் பேரப்பிள்ளைகள் என்று. வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அவர் வெளியே சொன்னால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து ஜரீனாவிடம் கெஞ்சுகிறீர்களே, நானா, அதில் என்ன பயன்? நீங்கள் சொன்னது வீட்டுக்குள்ளா? சொன்ன இடத்தில், அதே ஆட்கள் காதில் விழும்படி மாற்றிச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பிள்ளை துவான் என்று கூப்பிடுவதுதான் சரி. நான் அவள் பக்கம்.

கதீஜா


சிங்கப்பூர்
1907 டிசம்பர் 10

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். நீ சுகமா? ரஷீதா சுகமா? என் கடிதங்கள் வந்தனவா? பெருநாளுக்குக்கூட உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீ சொன்னதை நான் செய்யவில்லை. செய்யப் புறப்பட்டேன். தெலுக் ஆயரில் கந்தூரி விருந்துக்கு நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது, "பாவம் கனி நானா, வாரிசு இல்லாமப் போச்சு," என்றார்கள். இரக்கப்பட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்கள். அதைத் தின்றுவிட்டு வந்தேன், கதீஜா. உனக்கு இதை எழுதவே கை வரவில்லை.

நேற்று ஜரீனாவைக் கடற்கரைக்கு வா என்று கூப்பிட்டேன். யோசித்துவிட்டு, "ஆள் இல்லாத பக்கமாப் போகலாம், துவான். உங்களுக்கும் கஷ்டமா இருக்காது," என்றாள். சல்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும்.

நாங்கள் போகவில்லை.

நாகூர் கனி


நாகூர்
1908 பிப்ரவரி 27

நானாவுக்கு ஸலாம். எனக்குக் குளிர் ஜுரம் கண்டு இரண்டு மாதம் படுக்கை. அதனால்தான் எழுதவில்லை. பாதி கோபமும்தான். இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

போன வாரம் மரைக்காயர் திரும்ப வந்தார். இத்தனை மாதம் இந்தத் தெருப் பக்கமே வராத மனிதர். உட்கார்ந்ததும், "அன்னைக்கே எனக்குத் தெரியும்மா," என்றார். "அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஓடி வந்துச்சு. கன்னத்துல நூர்தீன் குழி. சின்ன வயசுல எத்தனை தடவை கிள்ளியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கனி நானா வாயால வரட்டும்னுதான் கேட்டேன். வரலை. அவர் மானத்தைக் காப்பாத்தணும்னு நானும் அந்தப் பொய்யையே உங்ககிட்ட வந்து சொன்னேன். அதான் பலகாரத்துல கை வைக்க முடியலை."

கேட்டீர்களா? யாரிடமிருந்து மறைத்தீர்களோ அவருக்கு அப்போதே தெரியும். மடங்கிய கை மட்டும்தான் மிச்சம்.

மகனுக்கு ரஷீதாவைக் கேட்டுத்தான் வந்தார். அவளும் சரி என்றாள். அது இருக்கட்டும். அவர் அடுத்த வாரம் அங்கே கப்பல் ஏறுகிறார். படுக்கையில் கிடந்தபோது ஜரீனாவுக்குப் பட்டுச் சட்டையும் தாவணியும், அஸ்மத்துக்குச் சரிகைத் தொப்பியும் தைத்தேன். தையல் கோணலாக இருந்தால் ஜுரத்தின் மேல் பழியைப் போடுங்கள். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடைக்குக் கொண்டுவர மாட்டார். ஒடுக்கத்துப் புதன் அன்று கடற்கரையில், ஊர்க்காரர்கள் இருக்கிற இடத்தில்தான் கொடுப்பார். அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மீதி உங்கள் பாடு.

கதீஜா


சிங்கப்பூர்
1908 ஏப்ரல் 3

என் கதீஜாவுக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள். கஞ்சியோடு நிறுத்தாமல் கறிச்சாறு குடி. நான் சுகம்.

முந்தாநாள் ஒடுக்கத்துப் புதன். நீ தந்தி என்று திட்டாதபடி எழுதப் பார்க்கிறேன்.

சல்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். "கூட்டமா இருக்குமே, துவான்," என்று ஜரீனா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவிலே போய்ப் பாயை விரித்தேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதலில் வெற்றிலை போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிறகு மேளச் சத்தம் ஓயட்டும் என்று தோன்றியது. அதற்குள் மரைக்காயர் மூட்டையோடு வந்துவிட்டார். எல்லார் காதிலும் விழ, "கனி நானா! உங்க தங்கச்சி பேரப்பிள்ளைங்களுக்குத் துணி குடுத்துவிட்டிருக்காங்க. எங்கே பிள்ளைங்க?" என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜரீனா அஸ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம் நல்ல நாகூர்த் தமிழில் சொன்னாள்: "நாங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள், கதீஜா. மறுபடியும் நான் சும்மா உட்கார்ந்திருக்க, அந்தப் பொய்யை அவள் சுமந்தாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "பொய்!" என்று கத்திவிட்டேன். மேளம் தட்டியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். "அது நான் சொன்ன பொய். இதுங்க என் மகன் நூர்தீனோட பிள்ளைங்க. அதோ நிக்கிறது என் மருமக சல்மா. என் மகனுக்கு வாரிசு இல்லைன்னு உங்க எல்லாரையும் ஏமாத்தி, உங்க இரக்கத்தையும் வாங்கித் தின்னவன் நான்," என்றேன்.

கந்தூரியில் எனக்குச் சோறு வைத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்னொருவர், "அவன் பேருல துஆக் கேக்கும்போதெல்லாம் ஒத்தைக் கட்டைன்னு சொல்லிச் சொல்லி அழுதேனே, நானா," என்று தலையில் அடித்துக்கொண்டார். சல்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜரீனா என் கைலியை மெதுவாக இழுத்தாள். "இப்ப நிஜத்தைச் சொல்லலாமா, துவான்?" என்று கேட்டாள்.

சொல்லு என்று தலையை அசைத்தேன். அவள் எல்லாரையும் பார்த்து நின்று, "என் வாப்பா பேரு நூர்தீன். எங்க ஊரு நாகூர்," என்றாள். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மரைக்காயர் அஸ்மத் தலையில் தொப்பியை வைத்தார். பட்டுச் சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிது. வளருவாள். உன் தையல் கோணலாகத்தான் இருக்கிறது.

திரும்பி வரும்போது வண்டியில் அஸ்மத் என் மடியில் தூங்கினான். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் துவான்தான். அதைக் கேட்டு வாங்க எனக்கு முகம் இல்லை, கேட்கவும் மாட்டேன். இனி அவள் எங்கே கூப்பிட்டாலும், எப்படிக் கூப்பிட்டாலும், திரும்பிப் பார்ப்பேன்.

உனக்கு அவளும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். மடித்துக் கையில் கொடுத்து, "நீங்க படிக்கக் கூடாது," என்றாள். நான் படிக்கவில்லை. அப்படியே இதற்குள் வைக்கிறேன்.

உன் நானா
நாகூர் கனி


நாகூர் உம்மாவுக்கு ஜரீனா ஸலாம். நான் சுகம். என்னைப் பெத்த மாக் சுகம். அஸ்மத்தும் சுகம், தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழட்ட மாட்டேங்கிறான். உங்களுக்கு ஜுரம் போயிடுச்சா?

உங்களுக்காக முழுக்குப் போட்டேன். போன வருஷமே போடச் சொன்னீங்களாம், அதனால ரெண்டாப் போட்டேன். மூக்குல தண்ணி ஏறிடுச்சு.

தோக் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அப்புறம் தனியாப் போய்க் கடல் தண்ணியில முகம் கழுவினாங்க. உப்புத் தண்ணியில யாராவது முகம் கழுவுவாங்களா? நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

எனக்குக் கோபம் போயிடுச்சு. ஆனா உடனே தோக்னு கூப்பிட்டா அவங்க மறந்துடுவாங்க. அதனால பெருநாள் வரைக்கும் துவான்தான். அன்னைக்குத் தொழுதுட்டு எல்லாரும் பள்ளிவாசல் வெளியே நிப்பாங்க இல்லையா, அப்போ தெருவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ரொம்பச் சத்தமாக் கூப்பிடப் போறேன்.

தோக்குக்கு எழுதிடாதீங்க.

ஜரீனா
நூர்தீன் மகள்